கஞ்சித்தொட்டி முதல் சர்க்கரை நோய் வரை: முதியவர் தட்டின் கதை

ஸ்ரீபெரும்புதூர் என்று சொன்னால் இன்று எல்லோருக்கும் கார் கம்பெனிகள்தான் ஞாபகம் வரும். இன்னும் கொஞ்சம் பழைய ஆட்களைக் கேட்டால் ராமானுஜர் என்பார்கள். 1017-ல் இந்த ஊரில் பிறந்த அவர் 1137 வரை, அதாவது 120 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது வைணவ மரபு. நூற்றிருபது வயது! "நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்ற பழமொழியையே தாண்டிய கணக்கு அது.

அந்த ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில், தண்டலத்திலிருந்து பேரம்பாக்கம் போகும் சாலையில் இருக்கிறது மண்ணூர். ஏரியும் வயலுமாக இருந்த இந்தப் பகுதி இன்று இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று நீளும் தொழிற்சாலை வட்டாரத்தின் ஒரு பகுதி. இங்கே வயதானவர்களின் சாப்பாட்டைப் பற்றி என்ன வரலாறு இருக்கப் போகிறது என்று தோன்றலாம். ஆனால் இருக்கிறது. வயதான காலத்தில் எவ்வளவு சாப்பிட வேண்டும், என்ன சாப்பிட வேண்டும், எடை எவ்வளவு இருக்க வேண்டும் என்ற கேள்விகள் டாக்டர் அறையில் மட்டும் பிறந்தவை அல்ல. அவற்றுக்குப் பின்னால் இருநூறு ஆண்டுப் பஞ்சமும் அரசியலும் அறிவியலும் இருக்கின்றன.

பஞ்சத்தில் பிறந்த கஞ்சித்தொட்டி

மண்ணூர் வழியாகப் போகும் சாலையிலேயே மேற்கே போனால் பேரம்பாக்கம் வரும். 1780 செப்டம்பர் 6 அன்று ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படையைத் திப்பு சுல்தான் மறித்துத் தாக்கிய இடம் அது. நான்கு நாள் கழித்து, காஞ்சிபுரத்துக்கு அருகில் பொள்ளிலூரில் அந்தப் படை அழிந்தது. வரலாற்றுப் புத்தகங்களில் இது ஒரு போர். ஆனால் செங்கல்பட்டுச் சீமையின் விவசாயிக்கு அது பஞ்சத்தின் தொடக்கம். வயல்கள் பாழாயின, மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்னைப் பட்டணத்துக்கு ஓடினார்கள்.

அப்படி வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782-ல் உருவானதுதான் ராயபுரம் பக்கத்தில் இருக்கும் மணியக்காரர் சத்திரம். போர் முடிந்து பஞ்சம் தீர்ந்த பிறகும் சத்திரம் மூடப்படவில்லை. போக இடமில்லாத ஏழைகளுக்கும் முதியவர்களுக்கும் அது தங்குமிடமாகத் தொடர்ந்தது. அதையொட்டி 1799-ல் ஒரு மருத்துவமனையும் எழுந்தது. அதுதான் பிற்காலத்து ஸ்டான்லி மருத்துவமனை. வடசென்னை மக்கள் அதைக் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்றே அழைத்தார்கள். இந்தப் பெயரை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், இந்தக் கட்டுரையின் பின்பகுதியில் மறுபடியும் வரும்.

கார்னிஷ் கேட்ட கேள்வி

அடுத்த பெரிய அடி 1876-78 பஞ்சம். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். அரசாங்கச் செலவைக் குறைக்க வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், 1877-ல் நிவாரண வேலை செய்பவரின் கூலியை வெட்டினார். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியம் வாங்கும் அளவும் அதற்கு மேல் கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார்.

அதை எதிர்த்து நின்றவர் சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். இந்த அளவு போதாது, ஒன்றரைப் பவுண்டு வேண்டும் என்றார். அதோடு அவர் நிறுத்தவில்லை. வெறும் தானியம் மட்டும் உடலைக் காப்பாற்றாது, பருப்பும் காய்கறியும் சேர வேண்டும் என்று வாதாடினார். பல மாத வாதத்துக்குப் பிறகு அந்த ஆண்டே கூலி உயர்த்தப்பட்டது. டெம்பிள் கேட்டது "எவ்வளவு?" என்ற கேள்வி. கார்னிஷ் அதோடு சேர்த்துக் கேட்டது "எது?" என்ற கேள்வி.

தமிழ்நாட்டு முதியவரின் தட்டு வரலாறு முழுவதும் இந்த இரண்டு கேள்விகளுக்கு இடையில்தான் நடக்கிறது.

குன்னூர் எலிகள் சொன்ன சாட்சி

1918-ல் நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒரே ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் ஆராய்ச்சி தொடங்கினார். முதலில் அது பெரிபெரி நோயைப் பற்றியது. தீட்டிய பச்சரிசியையே நம்பி வாழ்பவர்களுக்கு வரும் நரம்பு, இதய நோய் அது. தவிட்டோடு போய்விடும் பி1 வைட்டமின்தான் காரணம். நெல்லை வேகவைத்துக் காயவைக்கும்போது அந்தச் சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடும். அதனால் புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். நம் பாட்டிகள் நெல் புழுக்கியதில் இத்தனை அறிவியல் இருந்திருக்கிறது!

ஆனால் மெக்காரிசனின் இன்னொரு சோதனை நமக்குப் பெருமை தருவதல்ல. இந்தியாவின் பல பகுதி மக்களின் சாப்பாட்டை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்து வளர்த்தார். கோதுமை, பால், பருப்பு, கீரை கொண்ட சீக்கியர் உணவு சாப்பிட்ட எலிகள் நன்றாக வளர்ந்தன. சோறே பெரும்பங்காக இருந்த மதராஸ் உணவைத் தின்ற எலிகள்தான் எல்லாவற்றிலும் எடை குறைவு. கார்னிஷ் கேட்ட "எது?" என்ற கேள்விக்கு எலிகள் சொன்ன சாட்சி இது. அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.

1950-ல் பிறந்த ஒருவர்

இனி வரும் வரலாற்றை, 1950-ல் இந்த வட்டாரத்தில் ஒரு கூலி விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஒருவரின் வயதோடு சேர்த்துப் பார்த்தால் எளிதாகப் புரியும்.

அவருக்கு 12 வயது ஆகும்போது, 1962 ஏப்ரலில், தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியத் திட்டம் வந்தது. மாதம் 20 ரூபாய். ஆதரவற்ற முதியவர் பிச்சை எடுக்கக் கூடாது, அவருக்கு அரசு கடமைப்பட்டிருக்கிறது என்று ஏற்றுக்கொண்ட முதல் படி அது.

அவருக்கு 17 வயதில் 1967 தேர்தல். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி ஆட்சியையே மாற்றியது. அந்தத் தலைமுறைக்கு அரிசிச் சோறு என்பது தினமும் கிடைக்கும் பொருள் அல்ல. காலையில் கேழ்வரகுக் கூழ், தொட்டுக்கொள்ளக் கருவாடு அல்லது வெங்காயம், அமாவாசைக்கும் பண்டிகைக்கும் நெல்லுச் சோறு என்று வாழ்ந்த வீடுகள் ஏராளம். நெல்லை விளைவித்தவர் வீட்டிலேயே நெல்லுச் சோறு விருந்தாக இருந்த காலம்.

அவருக்கு 32 வயதில், 1982 ஜூலை 1 அன்று, எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். குழந்தைகளுக்கான திட்டம் என்றுதான் இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 1983 ஜனவரியிலேயே முதியோர் ஓய்வூதியம் வாங்குபவர்களும் இதில் சேர்க்கப்பட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது. பேரப்பிள்ளை சாப்பிடும் அதே சத்துணவுக் கூடத்தில் தாத்தா பாட்டியும் மதியச் சாப்பாடு வாங்கிக்கொள்ளலாம். முதியவருக்குப் பணம் மட்டும் போதாது, சமைத்த சூடான சாப்பாடு வேண்டும் என்று ஓர் அரசு அன்றே யோசித்தது பெரிய விஷயம். சமைக்கத் தெம்பில்லாமல், தனக்கு மட்டும் அடுப்பு மூட்டச் சலித்துக்கொண்டு, காலையில் வடித்ததையே இரவுக்கும் வைத்துக்கொள்ளும் பாட்டிகளை நினைத்தால் இதன் அருமை தெரியும்.

இந்த ஓய்வூதியத்தோடு அரிசியும் சேர்ந்தது. சத்துணவுக் கூடத்தில் சாப்பிடுபவருக்கு மாதம் 2 கிலோ, அங்கே சாப்பிடாதவருக்கு 4 கிலோ. ஆண்டுக்கு இருமுறை வேட்டி சேலை. இதற்கிடையில் பள்ளிப் பிள்ளைகளின் தட்டு மாறிக்கொண்டே வந்தது. 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை, பிறகு வாரம் ஒன்று, 2010-ல் வாரம் ஐந்து. முதியவருக்கென்று ஓய்வூதியத்தோடு தனியாகச் சேர்ந்த உணவுப் பொருளோ அரிசிதான்.

அரிசியின் விலையும் இறங்கிக்கொண்டே வந்தது. 2006-ல் ரேஷனில் கிலோ 2 ரூபாய், 2008-ல் 1 ரூபாய், 2011 ஜூனில் இலவசம். 1950-ல் பிறந்தவருக்கு அப்போது 61 வயது. இளமையில் விருந்தாக இருந்த சோறு, முதுமை தொடங்கியபோது விலையில்லாப் பொருளாகிவிட்டது.

இதைக் குறை சொல்வது நன்றி கெட்ட பேச்சு. பசியால் யாரும் சாகக் கூடாது என்பதைத் தமிழ்நாடு பெருமளவில் சாதித்துக் காட்டியது. அறிவியலும் அன்று அதற்குத் துணை நின்றது. 1918-ல் சேலத்தில் பிறந்து, ஹைதராபாத் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த டாக்டர் சி. கோபாலன், நம் ஏழைகளின் முதல் பற்றாக்குறை மொத்த உணவின் அளவில்தான் என்று வாதிட்டவர். தானியமும் பருப்பும் சேர்ந்த சாப்பாட்டை வயிறு நிறையச் சாப்பிட்டால் குழந்தைகளுக்குப் புரதமும் தானாகக் கிடைத்துவிடும் என்பது அவர் கருத்து. ஓடி ஆடும் குழந்தைக்கும் உழைக்கும் ஆளுக்கும் அது பொருந்தும். உட்கார்ந்திருக்கும் முதியவருக்கு? அங்கேதான் சிக்கல்.

வயல் போனது, சோறு நின்றது

1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது, 1998-ல் கார் வெளியே வந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது (2014-ல் மூடப்பட்டது). 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். சிப்காட் பூங்காக்கள் பெருகின. வயல்கள் மனைகளாகின, கிடங்குகளாகின.

நம் 1950-க்காரருக்கு 1996-ல் வயது 46. அதுவரை ஏர் ஓட்டி, வரப்பு வெட்டி, நாற்று நட்டு, களை பறித்து உழைத்த உடம்பு. அந்த உழைப்புக்கு மூன்று வேளை சோறும் எரிந்து போகும். வயல் போனபின் உழைப்பு குறைந்தது. ஆனால் சாப்பாட்டின் அளவு பழக்கத்தில் நின்றது. கேழ்வரகும் வேர்க்கடலையும் குறைந்து, அந்த இடத்திலும் தீட்டிய அரிசியே வந்தது. பிள்ளைகள் ஷிஃப்ட் வேலைக்குப் போய் கம்பெனி கேன்டீனில் சாப்பிடுகிறார்கள். வீட்டில் இருக்கும் பெரியவருக்குச் சோறும் தண்ணீராக ஒரு குழம்பும்.

இப்போது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிக்குத் திரும்புவோம். 1948-ல் அதே ஸ்டான்லியில்தான் டாக்டர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனி கிளினிக் தொடங்கினார். இந்தியாவிலேயே முதலாவது என்று சொல்லப்படுவது அது. பசிக்குக் கஞ்சி ஊற்றிய இடத்திலேயே 166 ஆண்டுகள் கழித்துச் சர்க்கரைக்கு மருந்து! அன்று அது பணக்காரர் வியாதி எனப்பட்டது. 2023-ல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இப்போது அது ரேஷன் கார்டு இருக்கும் வீட்டிலும் இருக்கிறது.

எடை இயந்திரம் எல்லாவற்றையும் சொல்லாது

அப்படியானால் வயதானவர்கள் எல்லோரும் எடையைக் குறைக்க வேண்டுமா? இல்லை. இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள்.

2017-18-ல் நடந்து 2021-ல் அறிக்கை வெளியான முதுமை பற்றிய தேசிய ஆய்வில், 60 வயது தாண்டிய இந்தியர்களில் நாலில் ஒருவருக்கு மேல் எடை குறைந்தவர்கள். ஐந்தில் ஒருவருக்கு மேல் எடை கூடியவர்கள். இரண்டு பிரச்சினையும் ஒரே ஊரில், ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில்.

எடையை அளக்கப் பயன்படும் கணக்கு பி.எம்.ஐ. எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் அளந்த உயரத்தால் இருமுறை வகுக்க வேண்டும். ஆசிய மக்களுக்கு 23-க்கு மேல் போனாலே கவனம் தேவை என்று 2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னது. 150 செ.மீ. உயரமுள்ள ஒரு பாட்டிக்கு அது சுமார் 52 கிலோ. ஆனால் 2014-ல் 32 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 65 வயதுக்கு மேல் பி.எம்.ஐ. 23-க்குக் கீழே போகப் போக இறப்பு அபாயம் கூடுவது தெரிந்தது. பெரும்பாலும் மேல்நாட்டு மக்களிடம் எடுத்த ஆய்வுகள்தான் அவை. என்றாலும் முதுமையில் மெலிவது எப்போதும் நல்லதல்ல என்பதை அவை காட்டின.

அதே 2004-ல் இன்னொரு சுவையான விஷயம் வெளிவந்தது. புனே மருத்துவர் யாஜ்னிக், இங்கிலாந்து மருத்துவர் யுட்கின் இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றுதான், 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம்! பார்ப்பதற்கு மெலிந்தவர், உள்ளே கொழுத்தவர். கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் முன்னால் என்ற நம்மூர் உடல்வாகுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

ஆக, முதுமையில் பார்க்க வேண்டியது தசை. வயது ஏறத் தசை கரைவதற்கு 1980-களின் இறுதியில் இர்வின் ரோசன்பெர்க் "சார்கோபீனியா" என்று பெயர் வைத்தார். தசை கரைந்து அதே அளவு கொழுப்பு சேர்ந்தால் எடை இயந்திரம் மாற்றமே காட்டாது. ஆனால் அந்த முதியவரால் தரையிலிருந்து எழுந்திருக்க முடியாது, பேருந்துப் படி ஏற முடியாது, வழுக்கினால் இடுப்பு எலும்பு போய்விடும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 1990-ல் பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் குழுவினர், சராசரி வயது 90 உள்ள, முதியோர் இல்லத்தில் இருந்த சிலருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலிமை சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. தொண்ணூறு வயதிலும் தசை கேட்கும், கொடுத்தால் வளரும்.

தட்டைக் கணக்குப் போட்டால்

வயதானவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் நல்லது என்று 2013-ல் ஒரு நிபுணர் குழு பரிந்துரைத்தது. 50 கிலோ உள்ளவருக்கு 50 முதல் 60 கிராம். ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி வடித்துச் சாப்பிட்டால் அதில் கிடைப்பது சுமார் 24 கிராம். தண்ணீர்ச் சாம்பாரில் இருக்கும் 15 கிராம் பருப்பில் 3 கிராம். மொத்தம் 27. வயிறு நிறைந்துவிட்டது, தேவையில் பாதிதான் வந்திருக்கிறது!

அரிசியை 200 கிராமாகக் குறைத்தால் 16. பருப்பை 40 கிராம் ஆக்கினால் 8 அல்லது 9. மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை அல்லது காராமணிச் சுண்டல், இன்னொரு 8. ஒரு முட்டை, 6. ஒரு டம்ளர் பால் அல்லது தயிர், 6. ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 5. கூட்டிப் பாருங்கள், 50 வந்துவிடும். பல் இல்லாதவருக்குச் சுண்டலை மசித்துக் கொடுக்கலாம், கடலையைப் பொடித்துக் கொடுக்கலாம். முருங்கைக்கீரை வேலியிலேயே கிடைக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுத்தான் புரதத்தைக் கூட்ட வேண்டும்.

2024-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியும் இதையேதான் சொல்கிறது. ஒரு நாள் கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. வள்ளுவர் "மருந்து" அதிகாரத்தில், முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்ணச் சொன்னதும் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது.

இதோடு இரண்டு எச்சரிக்கை. முயற்சி எதுவும் செய்யாமல் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்தால், "வயசாச்சு, அப்படித்தான்" என்று விடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். எடை கூடியவர்களும் பட்டினி கிடந்து குறைக்கக் கூடாது, அதில் கொழுப்போடு தசையும் போய்விடும்.

முடிவுரை

1962-ல் 20 ரூபாயாக இருந்த முதியோர் ஓய்வூதியம் 2011-ல் 1000 ரூபாயானது, 2023-ல் 1200 ரூபாயானது. அரிசி இலவசமானது. டெம்பிள் கேட்ட "எவ்வளவு?" என்ற கேள்விக்கு அவர் கனவிலும் நினைக்காத விடையைத் தமிழ்நாடு கொடுத்துவிட்டது. ஆனால் கார்னிஷ் 1877-ல் கேட்ட "எது?" என்ற கேள்வி, முதியவர் தட்டில் இன்னும் பாதிதான் தீர்ந்திருக்கிறது. பிள்ளைகளின் சத்துணவில் முட்டை சேர்க்க முடிந்த மாநிலத்துக்கு, 1983-லேயே முதியவரையும் அதே பந்தியில் உட்கார வைத்த மாநிலத்துக்கு, மீதிப் பாதியும் முடியாத காரியம் அல்ல.

அரசு செய்யும் வரை காத்திருக்கவும் வேண்டாம். உணவைப் பற்றியே வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த சி. கோபாலன் நூறு வயதைத் தொட்டு, 2019-ல் தன் 101-வது பிறந்தநாளுக்குச் சற்று முன்பு காலமானார். நூறு வயது எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வரும் மகனோ மகளோ, பெரியவர் தட்டை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். சோற்றுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவேளை சேர்ந்து சாப்பிடலாம். கூட ஆள் இருந்தால் பெரியவர்களுக்கும் இன்னொரு கரண்டி பருப்பு உள்ளே போகும்.